பதிவுத் தபாலில் போன பதில்

கேட்டி, டெக்சாஸ்
20 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சிவா எழுதுகிறேன். கவரின் மேலே கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. பிரித்துவிட்டாய் என்றால், கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு முழுக்கப் படித்துவிடு.

பதினாலு வருஷமாக நாம் பேசவில்லை. அப்பா காரியத்தில்கூட ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் எதையும் எழுதாதே என்று இங்கே தெரிந்த பெண் ஒருத்தி சொன்னாள். வேறொரு மாநிலத்தில் ஒரு அம்மாவும் மகளும் அனுப்பிக்கொண்ட செய்திகளைக் கோர்ட் கேட்டு வாங்கியிருக்கிறதாம். தேடிப் படித்தேன், உண்மைதான். அதிலிருந்து போனைத் தொடவே கை கூசுகிறது.

நான் முழுகாமல் இருக்கிறேன். பதினேழு வாரம். போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளைக்குத் தலையின் மேல்பாகம் உருவாகவே இல்லை. பிறந்தால் சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். இரண்டாவது டாக்டரும் அதையேதான் சொன்னாள். அடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். "இந்த மாநிலத்தில் என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இங்கே கலைப்பது குற்றம். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. பிள்ளை பிழைக்காது என்பது விலக்கு இல்லை. டிசம்பரில் என்னைப் போல ஒருத்தி கோர்ட்டுக்குப் போனாள். கீழ்க்கோர்ட் சரி என்றது, மேல்கோர்ட் கூடாது என்றது. அவள் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள்.

நவநீதன், அதுதான் உன் தங்கை மாப்பிள்ளை, பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். திருநள்ளாற்றிலிருந்து என் மாமியார் தினமும் கூப்பிடுகிறார். "சனி பகவான் சோதிப்பாரும்மா, கைவிட மாட்டாரு. நான் சனிக்கிழமை தவறாம எள் விளக்குப் போடுறேன்ல" என்கிறார். நல்ல மனுஷி. அவரிடம் எப்படிச் சொல்வேன்? இந்தப் பிள்ளையை இன்னும் ஐந்து மாசம் சுமந்து, பெற்று, அது போவதைப் பார்க்க என்னால் முடியாது. கடைக்குப் போனால் முன்பின் தெரியாதவள் வயிற்றைப் பார்த்துச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். வக்கீல் ஆபீசில் இருக்கிறாய், சட்டம் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

பதில் போட்டால் சாதாரணக் கவரில் போடு. தபால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

சிவா


காரைக்கால்
1 பிப்ரவரி 2024

சிவப்ரியாவுக்கு,

20ஆம் தேதியிட்ட கடிதம் இன்று கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நம் நாட்டில் இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். உன்னுடையது போன்ற விஷயத்தில் இருபத்துநான்கு வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும். அதற்கு மேலும் பிள்ளைக்குப் பெரிய குறை என்றால் மருத்துவக் குழு பார்த்து அனுமதிக்கலாம். அந்தப் பிரிவுகளின் நகலை இணைத்திருக்கிறேன். புருஷன் கையெழுத்து தேவையில்லை, உன்னுடையது போதும். ஆகவே புறப்பட்டு வா. மாப்பிள்ளையிடம் டிக்கெட் எடுத்த பிறகு சொல். முன்கூட்டிச் சொன்னால் அவர் அம்மாவுக்குப் போகும், அப்புறம் ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள், நாள் போய்விடும். கேஸில் வாய்தா வாங்கலாம். வயிற்றில் இருப்பதற்கு வாங்க முடியாது.

இங்கே சுரக்குடியில் நம் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டாம். என் வீட்டிலேயே தங்கலாம். பெண்கள் இரண்டு பேரும் வெளியூரில் படிக்கிறார்கள். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. நானும் மாமியாரும் மட்டும்தான். மாமியார் படுத்த படுக்கை.

இன்னொரு காரணம் என்று எழுதி நிறுத்திவிட்டாய். எது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னைச் சொன்ன சொல்லை இப்போது உன்னையே சொல்லிக்கொள்கிறாயா என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அடித்தது கீழே தெரிந்தால் பொருட்படுத்தாதே. வேறு தாள் இல்லை.

சாதாரணக் கவர் என்றாய். முக்கியமான காகிதம் சாதாரணத் தபாலில் போய் உருப்பட்டதை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்புகிறேன். நீ கையெழுத்துப் போட்டு வாங்கினாய் என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி.

நீலாயதாட்சி


கேட்டி
16 பிப்ரவரி 2024

அக்கா,

சாதாரணக் கவர் என்று எழுதியிருந்தேனே. படிக்கவில்லையா?

செவ்வாய்க்கிழமை நான் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அவர் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. கையெழுத்து வேண்டும் என்று தபால்காரர் மணியடித்திருக்கிறார். இந்திய ஸ்டாம்பு, காரைக்கால் முத்திரை. தன் அம்மா திருநள்ளாற்றுப் பிரசாதம் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, கையெழுத்துப் போட்டு வாங்கி, சுவாமி அலமாரி முன்னால் வைத்துப் பிரித்திருக்கிறார். உள்ளே விபூதிக்குப் பதில் சட்டப் பிரிவுகளும், 'மாப்பிள்ளையிடம் டிக்கெட் எடுத்த பிறகு சொல்' என்ற உன் வரியும் இருந்தன.

நான் வந்தபோது தாளை நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "உங்க அக்கா சொல்லித்தான் எங்கிட்ட மறைக்கிறியா?" என்று கேட்டார். உன் கடிதம் வந்து சேருமுன்பே நானாகவே மறைக்க ஆரம்பித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நேற்று வரை பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

நேற்றுப் பேசினார். "நான் கூட வந்தா நான் உதவி பண்ணவன் ஆயிடுவேன் சிவா. இங்க யாரு வேணும்னாலும் என்மேல கேஸ் போடலாம். விசா நீட்டிப்பு நடுவுல கெடக்கு. அதுல இது சேந்தா என்ன ஆகும்?" என்றார். அடுத்த மாநிலத்தில் செய்துகொண்டால் இந்தச் சட்டம் தொடாது என்று ஒரு வக்கீல் சொல்கிறார். உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் இன்னொருவர். மேற்கே சில இடங்களில் அதற்காகச் சாலையில் அழைத்துப் போனாலே வழக்குப் போடலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். அவர் கெட்டவர் இல்லை அக்கா, பயந்தவர். நான் மட்டும் என்ன தைரியசாலியா?

ஊருக்கு வரலாம் என்றால் அதே விசாதான் தடை. மனு நிலுவையில் இருக்கும்போது போனால் திரும்பி வருவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் நியூ மெக்சிகோவில் ஒரு கிளினிக்கில் நாள் வாங்கிவிட்டேன். பிப்ரவரி 29. அதற்கு முன்னால் இடமில்லை. டெக்சாஸிலிருந்து அவ்வளவு பேர் போகிறார்களாம். இருபத்திரண்டு வாரம் முடிந்திருக்கும். தனியாகத்தான் போகிறேன். துணைக்கு ஆள் வருமா என்று போனில் கேட்டார்கள். பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 1973இல் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இது பெண்ணின் உரிமை என்று சொல்லியது. நாங்கள் இங்கே வந்தபோதும் அது இருந்தது. 2022 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அதே நீதிமன்றம் அரசியல் சாசனத்தில் அப்படி ஒன்றும் இல்லை, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டது. அன்றைக்கு நான் கடையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். டிவியில் ஓடியது. நமக்கென்ன என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். நாற்பத்தொன்பது வருஷம் இருந்தது எப்படி அக்கா ஒரே காலையில் இல்லாமல் போகும்?

சிவா


காரைக்கால்
27 பிப்ரவரி 2024

சிவாவுக்கு,

நேற்று ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து உன்னுடையது இல்லை. இன்று உன் கடிதம் வந்து காரணத்தைச் சொல்லிவிட்டது. தப்பு என்னுடையது. நீ தெளிவாக எழுதியிருந்தாய், நான் என் ஆபீஸ் புத்தியைக் காட்டிவிட்டேன். கேஸில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புகிற மாதிரி தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். மன்னித்துவிடு.

அந்த அமெரிக்கத் தீர்ப்பை நீ கேட்பதற்கு முன்பே படிக்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் வக்கீல் கைலாசநாதன் சார் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இருநூறு பக்கத்துக்கு மேல். சாப்பாட்டு நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு பத்து நாளாகப் படிக்கிறேன். "என்னம்மா, நீலா அமெரிக்காவுல பிராக்டீஸ் பண்ணப் போவுதா?" என்று சார் கேலி செய்கிறார். என்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு எனக்குப் புரிந்த வரையில் பதில் இது. உச்ச நீதிமன்றம் தான் சொன்னதைத் தானே மாற்றலாம். இங்கேயும் மாற்றியிருக்கிறார்கள். சாசனத்தில் அந்தச் சொல் இல்லை, எழுதாத உரிமை என்றால் நாட்டின் வரலாற்றில் அதற்கு ஆழமாக வேர் இருக்க வேண்டும், இதற்கு வேர் இல்லை என்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தச் சாசனத்தை எழுதியபோது ஒரு பெண்ணாவது அந்த அறையில் உட்கார்ந்திருந்தாளா? வேர் விட இடமே கொடுக்காமல், வேர் எங்கே என்றால்? மாறுபட்ட மூன்று நீதிபதிகளும் ஏறக்குறைய இதையேதான் நயமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு நயம் வராது.

நம் சட்டத்தையும் பெருமையாகச் சொல்லிவிட்டேனே என்று திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் உரிமை என்ற சொல்லே இல்லை. டாக்டர் ஒப்புக்கொண்டு செய்தால் குற்றம் ஆகாது என்றுதான் இருக்கிறது.

நான் வரமுடியுமா என்று விசாரித்தேன். விசா நேர்காணலுக்கே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமாம். எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. போனாவது பண்ணலாம் என்று எடுத்தேன். உன் நம்பர் என்னிடம் இல்லை. நீ போன் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும், குரலை மட்டுமாவது கேட்டுவிட்டு வைத்திருப்பேன். உன் மாமியாரிடம் கேட்கத் திருநள்ளாற்றுக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். இத்தனை வருடம் இல்லாமல் இப்போது எதற்கு நம்பர் என்று கேட்டால் எனக்குப் பொய் வராது.

29 என்று எழுதியிருக்கிறாய். நாளை மறுநாள். இது போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அன்றைக்கு உன் கையில் என் வரி ஒன்றுகூட இருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் அக்கா
நீலா

(சாதாரணக் கவர்தான்.)


கேட்டி
4 மார்ச் 2024

அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. பாதி வழியில் இருக்கலாம். நீ போடாமலே இருந்திருக்கலாம். போன கடிதத்தில் உன்னைக் கடிந்துகொண்டேன், அது தப்பு.

முடிந்துவிட்டது. இரண்டு நாள் ஆனது. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் விமான நிலையம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கி வைத்தார். உள்ளே வரவில்லை. கேமராவில் விழும் என்று நினைத்தாரோ என்னவோ. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தும் வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். அதற்காக அவரை மன்னிப்பதா, அதற்காகவே மன்னிக்காமல் இருப்பதா என்று தெரியவில்லை.

கிளினிக் வாசலில் சிலர் பதாகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கத்தினாள். என்ன சொன்னாள் என்று உனக்கே தெரியும். நான் உன்னைச் சொன்ன அதே சொல், இங்கிலீஷில்.

அதைத்தான் எழுத வேண்டும் அக்கா. 2010இல் எனக்கு இருபது வயது. காலேஜில் பெண் சிசுக்கொலை பற்றிப் பேசிப் பரிசு வாங்கியிருந்தேன். ஊருக்கு வந்தால், உனக்கு மூன்றாவதும் பெண் என்று ரகசியமாக ஸ்கேனில் பார்த்துக் கலைத்துவிட்டார்கள் என்று அம்மா அழுகிறாள். நீ கூடத்தில் படுத்திருந்தாய். உன் முன்னால் நின்று, அப்பா காதுபட, கொலைகாரி என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் சம்மதித்துத்தான் செய்தாய் என்று எடுத்துக்கொண்டேன். பேச்சுப் போட்டியில் எதிரணி பேசாவிட்டால் நாம் ஜெயித்த மாதிரி.

கிளினிக்கில் முதலில் என்னை மட்டும் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு வயதான அம்மாள், கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இது நீங்களே எடுத்த முடிவா? யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா? இந்த அறையில் சொல்வது வெளியே போகாது" என்றாள். எல்லோரிடமும் கேட்பதாம். இல்லை, என் முடிவுதான் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் பயந்து மறுபடி கேட்டாள். எனக்காக அழவில்லை என்று அவளிடம் எப்படி விளக்குவது?

என்ன பிள்ளை என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

நேற்றிலிருந்து பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. கொடுத்த காகிதத்தில் எழுதியிருந்ததாம், நான் படிக்கவில்லை. பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. குளியலறையில் உட்கார்ந்துகொண்டு உன்னை நினைத்தேன். அம்மா இருந்தாலும் இதை அவளிடம் சொல்லியிருப்பேனா தெரியாது. உன்னிடம் சொல்லத் தோன்றுகிறது.

பதினாலு வருஷம் கழித்துக் கேட்கிறேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அக்கா, உன்னை யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

சிவா


காரைக்கால்
8 மார்ச் 2024

சிவா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. 29 போய் எட்டு நாள் ஆகிறது. தபால்காரர் நம் தெருவுக்கு மூன்று மணிக்கு வருவார் என்பதால், ஆபீசில் அந்த நேரத்துக்கு ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறேன். சார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

இன்று மகளிர் தினம் என்று கோர்ட்டில் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஜாப் பூ கொடுத்தார்கள். பிற்பகல் இளையபெருமாள் அய்யா ஆபீசுக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவருடைய மகன், பிரெஞ்சுப் பாஸ்போர்ட். காரைக்காலைத் தாண்டி அதிகம் போனதில்லை, ஆனால் பிரான்ஸ் தேர்தலுக்கு ஓட்டு மட்டும் தவறாது. "எங்க நாட்டுல கருக்கலைப்புச் சுதந்திரத்த சாசனத்துலயே எழுதிட்டாங்க தெரியுமாங்க? இன்னைக்குத்தான் முத்திர வைக்கிறாங்க" என்று சாரிடம் பெருமை அடித்துக்கொண்டார். "ஒங்களுக்கு வயசு எழுவத்தேழு, ஒங்களுக்கு எதுக்குங்க அது?" என்று சார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

ஒரு நாட்டில் இருந்ததை எடுத்துவிட்டார்கள், இன்னொரு நாட்டில் இல்லாததை எழுதுகிறார்கள். இதற்கு நடுவில் நீ எந்த ஊரில், எந்தக் கட்டிலில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரி போடு. நலம் என்று மட்டும் போட்டாலும் போதும்.

நீலா


காரைக்கால்
18 மார்ச் 2024

என் சிவாவுக்கு,

உன் 4ஆம் தேதிக் கடிதம் இன்று மூன்று மணிக்கு வந்தது. முடிந்தது என்ற வரி வரைக்கும் நின்றுகொண்டே படித்தேன். மிச்சத்தை உட்கார்ந்து படித்தேன்.

முதலில் உடம்பு. சூடாகச் சாப்பிடு. ஒரு மாசத்துக்குக் கனமான எதையும் தூக்காதே. காய்ச்சலோ குளிரோ வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதே, டாக்டரிடம் போ. பால் இந்நேரம் வற்றியிருக்கும். வற்றவில்லை என்றால் இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொள், கையால் அழுத்தி எடுக்காதே, எடுத்தால் இன்னும் ஊறும். நம் பக்கத்தில் பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். அங்கே மல்லிகைக்கு எங்கே போவாய்?

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன். எனக்கும் வந்தது. ஐந்து மாசம் ஆகியிருந்ததே. மூன்றாம் நாள். நீ வந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போன மறுநாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்கிறது சட்டம். என்னிடம் அதைத்தான் வாங்கினார்கள். அவர் வாசலில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். மாமியார் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "போடு, போட்டாத்தான் வூட்டுக்குத் திரும்பி வரலாம்" என்றார். இரண்டு பெண்களையும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். போட்டேன். கதவைச் சாத்திவிட்டு என்னிடம் எதையும் கேட்க அங்கே யாருமில்லை. அந்த மாமியார் இப்போது பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

உன் சொல்லுக்கு நான் பதில் சொல்லாதது சம்மதத்தால் இல்லை. நீ சொன்னது சரிதான் என்று அப்போது நினைத்தேன். பல வருடம் நினைத்தேன். இப்போது இல்லை. நீயும் உன்னை அப்படி நினைக்காதே. நினைக்க விடமாட்டேன்.

பால் வந்த அன்று சுரக்குடியிலிருந்து காரைக்காலுக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். இறங்கின இடத்திலேயே ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்காரம்மாவிடம் ஆறு முழம் மல்லிகை கேட்டேன். "இம்புட்டுப் பூவா? வூட்டுல என்னம்மா விசேஷமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு முழம் கூடவே வைத்துக் கொடுத்தாள்.

அந்த ஆமாம் பொய். நீ கேட்டதற்கு இன்றைக்குச் சொல்கிறேன். ஆமாம் சிவா, கட்டாயப்படுத்தினார்கள்.

அக்கா